திறக்க ஆள் வேண்டாத வாசல்: பட்டைத் திரையின் கதை

இறைச்சி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் வைக்கிற குளிர்பதனக் கிடங்குகளின் வாசலில், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பட்டைகள் வரிசையாகத் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகிறவர் எதையும் திறக்க வேண்டியதில்லை. அவர் பாட்டுக்கு நடந்தால் பட்டைகள் விலகும். கடந்து போனதும் அவையாகவே மூடிக்கொள்ளும். கடைக்காரர்கள் இதை பிவிசி ஸ்ட்ரிப் கர்ட்டன் என்பார்கள். தமிழில் பட்டைத் திரை என்று வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கிறவர் கண் பட்டைகள் மேல்தான் போகும். அவற்றைத் தாங்கிக்கொண்டு மேலே ஒரு சட்டம் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இந்தத் திரையின் கதையில் பாதி அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. மீதிப் பாதி ஒரு பழைய கேள்வியில் இருக்கிறது. வாசலைத் திறந்து மூடுவது யாருடைய வேலை?

ராவென்னாவில் ஒரு கை

இத்தாலியில் ராவென்னா என்ற ஊரில் சான் விட்டாலே தேவாலயம் இருக்கிறது. கி.பி. 547ல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் சுவரில் பைசாந்தியப் பேரரசி தியோடோரா தன் பரிவாரத்தோடு நிற்கும் புகழ்பெற்ற மொசைக் ஓவியம் ஒன்று உண்டு. எல்லோரும் தியோடோராவின் கிரீடத்தையும் முத்துகளையும் பார்ப்பார்கள். இடது ஓரத்தில் ஒரு பணியாள் என்ன செய்கிறார் தெரியுமா? பேரரசி போவதற்காக வாசலில் தொங்கும் திரையைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வாசல் திரையின் பழைய தொழில்நுட்பம் மொத்தமும் இவ்வளவுதான். மேலே ஒரு கம்பி, அதில் துணி, அதை விலக்க ஒரு கை. அரண்மனையில் கைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வெட்டிவேர்த் தட்டியும் இதே கதைதான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் துரைமார் பங்களாக்களில் கோடைக்கு வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டுவார்கள். அனல் காற்று ஈரத் தட்டி வழியாக நுழைந்து குளிர்ந்து வரும். ஆனால் தட்டி காயாமல் இருக்க ஒரு வேலையாள் வெளியே வெயிலில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்!

கை தேவைப்படாத திரை என்று பார்த்தால், மத்தியதரைக்கடல் ஓரத்து நாடுகளில் ஈ வராமல் இருக்க வாசலில் தொங்கவிடும் மணிச் சரங்களைச் சொல்ல வேண்டும். திரையை ஒரே துணியாக விடாமல் பல சரங்களாகப் பிரித்துவிட்டால், போகிறவர் உடம்பே அதை விலக்கிவிடும். பட்டைத் திரையின் அடிப்படை யோசனை இதுதான். ஆனால் மணிச் சரம் ஈயைத் தடுக்கலாம், குளிரைத் தடுக்க முடியாது. சரங்களுக்கு நடுவே காற்று தாராளமாகப் போகும்.

எப்போதும் மூடியிருக்கும் கதவு

திறந்தே இருக்க வேண்டும், ஆனால் மூடியும் இருக்க வேண்டும். இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த தியோஃபிலஸ் வான் கானல். 1888ல் சுழல்கதவுக்குக் காப்புரிமை வாங்கியவர் இவர்தான். சுழல்கதவின் பெருமையே அது எப்போதும் மூடியே இருக்கும் என்பதுதான். நடுவில் இருப்பவர் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதும் தெருக் காற்று உள்ளே வர வழியில்லை.

ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் அது சரி. ஆனால் சுழல்கதவு வழியாக ஒரு தள்ளுவண்டியைக்கூடக் கொண்டுபோக முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று 1942 நவம்பர் 28 அன்று தெரிந்தது. பாஸ்டன் நகரில் கோக்கநட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்தது. மக்கள் முண்டியடித்ததில் பிரதான வாசலின் சுழல்கதவு சிக்கிக்கொண்டது. மொத்தம் 492 பேர் இறந்தார்கள். சுழல்கதவு இருந்தால் அதன் பக்கத்திலேயே சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

ஆக, காற்றைத் தடுக்கிற கதவு ஆளைத் தடுக்கக் கூடாது. இதை வான் கானலின் கதவால் செய்ய முடியவில்லை.

வண்டி வந்தது, வாசல் உயர்ந்தது

இதற்கிடையில் தொழிற்சாலைக்குள் ஒரு புதிய ஆள் வந்து சேர்ந்தார். 1917ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அச்சாணி தயாரிக்கும் கிளார்க் நிறுவனம், தன் ஆலைக்குள் சரக்கு இழுக்க 'டிரக்டிராக்டர்' என்ற சின்ன மோட்டார் வண்டியைச் செய்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, அதுவே தனி வியாபாரமானது. 1920களில் இப்படிப்பட்ட வண்டிகளுக்குச் சரக்கைத் தூக்கும் இரும்புக் கரங்களும், கரங்கள் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டமும் வந்தன. அதுதான் இன்றைய ஃபோர்க்லிஃப்ட். இரண்டாம் உலகப் போரில் சரக்குகளை மரப் பலகை மேல் அடுக்கி அப்படியே தூக்கும் வழக்கம் பரவ, இந்த வண்டி இல்லாத கிடங்கே இல்லை என்றானது.

இதனால் வாசலுக்கு இரண்டு சிக்கல்கள் வந்தன. முதலாவது, ஓட்டுநரின் இரண்டு கையும் வண்டியில் இருக்கின்றன. இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, உள்ளே போய், மறுபடி இறங்கி மூடுவது நடக்கிற காரியமா? கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். இரண்டாவது, சட்டத்தோடு சரக்கும் சேர்ந்து போக வாசல் உயரமாக வேண்டும்.

உயரம் கூடினால் என்ன என்று தோன்றலாம். இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. குளிர்ந்த காற்று கனமானது. குளிர் அறையின் கதவைத் திறந்தால் அது வாசலின் கீழ்ப்பாதி வழியாகத் தண்ணீர் மாதிரி வெளியே வழியும். அந்த இடத்தை நிரப்ப வெளியே இருக்கும் வெப்பக் காற்று மேல்பாதி வழியாக உள்ளே நுழையும். வாசலின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் இந்தப் பரிமாற்றமும் இரண்டு மடங்காகும். ஆனால் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அது ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும்! வாசலின் பரப்பு கூடுவதோடு, காற்று ஓடும் வேகமும் கூடுவதுதான் காரணம். குளிர் அறை வாசல்களில் நடக்கும் இந்த வெப்ப இழப்பைப் பற்றி 1975ல் கோஸ்னி, ஒலாமா என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகவும் பெயர் பெற்றது. அவர்கள் தந்த சூத்திரம் பின்னாளில் பொறியாளர்களின் கையேடுகளில் இடம்பிடித்தது.

மின்சாரக் கட்டணம் மட்டும் பிரச்சினை இல்லை. உள்ளே வரும் காற்று ஈரத்தையும் கொண்டுவருகிறது. அந்த ஈரம் குளிரூட்டும் குழாய்களில் உறைபனியாகப் படியும். வாசல் பக்கத் தரையில் பனிக்கட்டியாக உறையும். சுமையோடு வருகிறவர் வழுக்கி விழுவதும், வண்டி பிடிப்பில்லாமல் சறுக்குவதும் அந்த இடத்தில்தான்.

கனமான ரப்பர் ஊசல்கதவுகள் அப்போது இருந்தன. வண்டி மோதித் திறந்துகொண்டு போகும். ஆனால் ரப்பர் வழியாகப் பார்க்க முடியாது. எதிரே ஆள் வருகிறாரா, இன்னொரு வண்டி வருகிறதா என்று ஓட்டுநருக்குத் தெரியாது. அதனால் வேண்டியது ஒரே பொருளில் மூன்று குணங்கள்: ரப்பர் மாதிரி வளைய வேண்டும், கண்ணாடி மாதிரி தெரிய வேண்டும், ஆயிரம் தடவை அடி வாங்கினாலும் உடையக் கூடாது.

பசை தேடியவர் கண்ட பொருள்

அந்தப் பொருள் பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பிவிசி. 1872ல் ஜெர்மன் வேதியியலாளர் ஆய்கன் பௌமன், வினைல் குளோரைடு வாயு இருந்த குடுவை வெயிலில் பட்டபோது உள்ளே வெள்ளையாக ஒரு திடப்பொருள் உண்டானதைக் கவனித்தார். 1913ல் பிரிட்ஸ் கிளாட்டே என்ற இன்னொரு ஜெர்மானியர் இதைத் தயாரிக்கக் காப்புரிமை எடுத்தார். ஆனாலும் அந்தப் பொருளை வைத்து யாராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. விறைப்பாக இருக்கும். சூடாக்கினால் கெட்டுப்போகும்.

1926ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், பி.எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்ற இளம் வேதியியலாளர் ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் வேண்டாத பிவிசியை, அதிக வெப்பத்தில் கொதிக்கும் ஒரு கரைப்பானில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தார். ஆறியபோது கிடைத்தது பசை இல்லை. வளையும், எகிறும், தண்ணீரையும் அமிலத்தையும் தாங்கும் ஒரு ஜவ்வுப் பொருள். கரைப்பான் மூலக்கூறுகள் பிவிசியின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே புகுந்துகொண்டு அவை ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும்படி செய்துவிட்டன. இப்படி மென்மையாக்கும் பொருளைத்தான் பிளாஸ்டிசைசர் என்கிறார்கள். சீமனுக்கு 1933ல் காப்புரிமை கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. நிறுவனத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பில் ஆர்வமே இல்லையாம். சீமனின் மனைவி வீட்டில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது, பிவிசி பூசிய துணியை மேலதிகாரியின் மேசைக் காகிதங்கள் மேல் விரித்து அதில் தண்ணீரை ஊற்றிக் காட்டினார், காகிதம் நனையவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எந்த அளவுக்கு உண்மையோ, வளையும் பிவிசி முதலில் வீட்டுக்குள் வந்தது குளியலறைத் திரையாகவும் மழைக்கோட்டாகவும்தான். துணியில்லாமல் தனியாகவே, கண்ணாடி போலத் தெளிவான பட்டையாக அதை வார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு தொழிற்சாலை வாசலுக்குத் தேவையான மூன்று குணங்களும் ஒன்றாகக் கிடைத்தன.

எல்லாம் தொங்குவதில் இருக்கிறது

பட்டை கிடைத்துவிட்டது. அதை எப்படித் தொங்கவிடுவது? சுலபம் போலத்தான் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

பட்டைகள் பொதுவாக 200 மில்லிமீட்டர் அகலம் 2 மில்லிமீட்டர் தடிமன், 300க்கு 3, 400க்கு 4 என்ற அளவுகளில் நீண்ட சுருளாக வரும். ஆள் நடக்கிற வாசலுக்கு மெல்லியது, வண்டி போகிற வாசலுக்குத் தடித்தது. 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வண்டி வாசலை எடுத்துக்கொள்வோம். 300 மில்லிமீட்டர் பட்டைகள், ஒன்றன் மேல் ஒன்று 100 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும் என்றால் 15 பட்டைகள் வேண்டும். ஒரு பட்டை சுமார் நாலரை கிலோ. ஆக மொத்தம் 65 கிலோவுக்கு மேல் அந்தச் சட்டத்தில் எப்போதும் தொங்குகிறது. இதோடு, நாள் முழுக்க வண்டிகள் பட்டைகளை மோதி இழுத்துக்கொண்டு போகின்றன. சரக்கின் மூலையில் ஒரு பட்டை சிக்கினால் வண்டியின் மொத்த இழுப்பும் மேலே உள்ள பிடிப்பின் மேல்தான் வரும்.

மிக எளிய வழி, பட்டையின் தலைப்பில் துளை போட்டு போல்ட்டில் மாட்டுவது. இதில் என்ன குறை? இழுக்கும்போது விசை முழுவதும் துளையின் விளிம்பில் குவியும். அங்கே சின்னதாக ஒரு கீறல் விழும். அது நாளாக நாளாக நீண்டு ஒருநாள் பட்டை கிழிந்து கையோடு வரும். அதனால் பட்டையின் மேல் நீளமாக ஒரு தகட்டை வைத்து, துளைகளில் போல்ட் விட்டு, நட்டை முறுக்கி இறுக்கினார்கள். இப்போது பட்டையைப் பிடித்திருப்பது துளை மட்டும் இல்லை, தகட்டின் அழுத்தமும்தான். விசை அகலம் முழுக்கப் பரவிவிடும்.

இதிலும் ஒரு தொல்லை. ஒரு பட்டை கிழிந்தால் அதை மாற்ற ஏணி, ஸ்பேனர், ஒரு ஆள், அரை நாள் வேலை. பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருப்பதால் பக்கத்துப் பட்டைகளையும் கழற்ற வேண்டிவரும். அதுவரை வாசலை மூடி வைக்க முடியுமா? கிழிந்த பட்டை அப்படியே கிடக்கும். திரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக நாள் முழுக்கக் குளிர் ஓடும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் இன்று பரவலாக இருக்கும் சீப்புச் சட்டமும் கொக்கித் தகடும். சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் சட்டம் சீப்பு மாதிரி வரிசையாகப் பற்கள் கொண்டது. ஒவ்வொரு பட்டையின் தலைப்பையும் இரண்டு சின்னத் தகடுகளுக்கு நடுவே வைத்து ரிவெட் அடித்துவிடுவார்கள். அந்தத் தகட்டைச் சட்டத்தின் பற்களில் மாட்டினால் போதும். சட்டை மாட்டுகிற மாதிரிதான். கிழிந்ததைக் கழற்றிப் புதியதை மாட்ட ஸ்பேனர் கூட வேண்டாம். பற்கள் சம இடைவெளியில் இருப்பதால் எத்தனை பல் தள்ளி மாட்டுகிறோம் என்பதை வைத்தே ஏற்றத்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். குளிர் அதிகமான இடத்தில் ஏற்றம் அதிகம். ஆட்கள் அடிக்கடி நடக்கிற இடத்தில் குறைவு, இல்லாவிட்டால் விலக்குவது பாரமாக இருக்கும்.

சட்டத்தை எங்கே பொருத்துவது என்பதும் முக்கியம். வாசலுக்கு மேல் சுவரின் முகப்பில் அடித்தால் திரை வாசலைவிட அகலமாக இருக்கலாம், ஓரங்களில் இடுக்கு இருக்காது, வாசலின் உயரமும் குறையாது. முகப்பில் இடமில்லை என்றால் வாசல் உத்தரத்துக்கு அடியில் அடிப்பார்கள். உணவு ஆலைகளில் தினமும் கழுவுவதால் சட்டமும் தகடும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கும். மற்ற இடங்களில் துத்தநாகம் பூசிய இரும்பே போதும். இன்னும் பெரிய வாசல்களுக்கு, திரை முழுவதையும் ஒரு ஓரமாகத் தள்ளிவைக்கிற மாதிரி சக்கரம் வைத்த சட்டங்களும் உண்டு. ராவென்னாவின் கம்பி மறுபடி வந்துவிட்டது!

பட்டைகளிலும் வகைகள் வந்தன. சில பட்டைகளில் நீளவாக்கில் மேடான வரிகள் இருக்கும். உரசலை அந்த வரிகள் வாங்கிக்கொள்வதால் நடுப்பகுதி கீறல் விழாமல் தெளிவாக இருக்கும். உறைநிலைக் கிடங்குக்கு, கடும் குளிரிலும் விறைக்காதபடி தனிக் கலவை. பூச்சிகளை அவ்வளவாக ஈர்க்காத மஞ்சள் நிறம் ஒன்று. வெல்டிங் செய்யும் இடத்துக்குக் கண்ணைக் காக்கும் அடர்நிறப் பட்டை ஒன்று. வெல்டிங் திரைகளுக்கு 2014ல் வந்த ஐஎஸ்ஓ 25980 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது.

தெளிவான பட்டைக்குப் பின்னால்

இந்தக் கதையில் மறைக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. 1974 ஜனவரியில் குட்ரிச் நிறுவனம், கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் உள்ள தன் பிவிசி ஆலைத் தொழிலாளர்கள் சிலர் கல்லீரலில் வரும் ஆஞ்சியோசர்கோமா என்ற புற்றுநோயால் இறந்திருப்பதாக அறிவித்தது. மிக மிக அரிதான நோய் அது. ஒரே ஆலையில் பலருக்கு வந்ததால்தான் ஆலை மருத்துவர் ஜான் கிரீச்சுக்குச் சந்தேகம் வந்தது. காரணம் வினைல் குளோரைடு வாயு. பிவிசி தயாராகும் பெரிய கலன்களின் உட்சுவரில் படிந்ததைச் சுரண்ட, தொழிலாளர்கள் கலனுக்குள்ளேயே இறங்குவார்கள். அங்கே மிச்சமிருந்த வாயுவைத்தான் வருடக்கணக்கில் சுவாசித்திருக்கிறார்கள்.

அதுவரை அமெரிக்காவில் காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை அந்த வாயு இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. 1975ல் நடைமுறைக்கு வந்த விதி அதை ஒரே ஒரு பங்காகக் குறைத்தது. இது நடக்காத காரியம், ஆலைகளை மூட வேண்டியதுதான் என்று தொழில்துறையினர் வாதாடினார்கள். நடந்தது வேறு. கலன்களை மூடிய அமைப்பாக மாற்றி, மிஞ்சிய வாயுவைத் திரும்பப் பிடித்து, சில ஆண்டுகளிலேயே அந்த வரம்புக்குள் வந்துவிட்டார்கள். முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம். தயாராகி முடிந்த பட்டையைத் தொடுவதால் இந்த நோய் வராது. ஆபத்து அதைத் தயாரித்தவர்களுக்கு இருந்தது.

மென்மையாக்கும் பொருள்கள் மீதும் பின்னர் கேள்வி வந்தது. நெடுங்காலம் அதிகமாகப் பயன்பட்ட டிஇஎச்பி என்ற தாலேட் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று வகைப்படுத்தப்பட்டு, 2015 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சிறப்பு அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்றானது. தயாரிப்பாளர்கள் வேறு கலவைகளுக்கு மாறத் தொடங்கினார்கள்.

சட்டத்தில் ஏறிய திரை

பட்டைத் திரை ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே ஏறியது. 2007ல் அமெரிக்கா இயற்றிய எரிசக்திச் சட்டம், 2009 ஜனவரி 1 முதல் தயாராகும் 3000 சதுர அடிக்கு உட்பட்ட குளிர் அறைகளுக்குச் சில நிபந்தனைகளை விதித்தது. அதில் ஒன்று, கதவு திறந்திருக்கும்போது வெளிக்காற்று புகுவதைக் குறைக்கப் பட்டைத் திரையோ, ஸ்பிரிங் கதவோ, வேறு வழியோ இருக்க வேண்டும் என்பது.

ஆனால் சட்டம் திரையை மாட்டச் சொல்லலாம், மாட்டியபடி இருக்கச் செய்வது கடினம். பல கிடங்குகளில் பட்டைகளை முடிச்சுப் போட்டு ஒதுக்கி வைத்திருப்பார்கள். சில இடங்களில் நடுவில் நாலைந்து பட்டைகளே இருக்காது. தொழிலாளர்களின் சோம்பல் என்று மேலாளர்கள் சொல்வதுண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உறைகுளிரில் விறைத்த ஈரப் பட்டை ஒன்று நாளைக்கு நூறு தடவை முகத்தில் அறைந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கீறல் விழுந்து மங்கிப்போன பட்டை வழியாக எதிரே வருகிற ஆள் தெரியாவிட்டால், ஓட்டுநர் அதை ஒதுக்கிக் கட்டுவது உயிர் பயத்தில்தான். ஸ்பேனர் இல்லாமல் மாட்டலாம் என்ற வசதி, ஸ்பேனர் இல்லாமல் கழற்றலாம் என்ற வசதியும்தானே.

அதனால் அந்தச் சீப்புச் சட்டத்தின் பயன் முழுவதும் ஒரு எளிய பழக்கத்தில் இருக்கிறது. மங்கின பட்டையை அன்றைக்கே கழற்றிப் புதியதை மாட்டுவது. ராவென்னாவில் திரையைப் பிடித்திருந்த கை காணாமல் போகவில்லை. ஒவ்வொரு முறை வாசலைக் கடக்கும்போதும் தேவைப்பட்ட கை, இப்போது எப்போதாவது ஒருமுறை ஏணியில் ஏறத் தேவைப்படுகிறது. அந்த ஒருமுறையையும் மிச்சம் பிடிக்கிற கிடங்குகளில்தான் பட்டைகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அடுத்த தடவை இப்படி ஒரு வாசலைப் பார்த்தால் பட்டைகளை விட்டுவிட்டு மேலே பாருங்கள். எத்தனை பற்கள் காலியாக இருக்கின்றன என்று எண்ணினால், அந்தக் கிடங்கு எப்படி நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.